கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்குக் குடும்பத்தோடு: இரண்டு நாளுக்கான முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடத்தில் குடிமையியல் படித்த யாருக்கும் அந்த வரி மறந்திருக்காது: மக்களால், மக்களுக்காக, மக்களே நடத்தும் ஆட்சி. சொன்னவர் ஆபிரகாம் லிங்கன் என்பதும் தெரியும். எங்கே நின்று சொன்னார் என்று கேட்டால்தான் விழிப்போம். ஏதோ சட்டசபையில் பேசியிருப்பார் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அவர் பேசியது ஒரு கல்லறைத் தோட்டத்தில். 1863 நவம்பர் 19, பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்ற சின்ன ஊர். அதற்கு நாலரை மாதம் முன்னால் அந்த ஊரைச் சுற்றி மூன்று நாள் நடந்த போரில் செத்தவர்களைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் போர்க்களம் இன்று சுமார் 6,000 ஏக்கர் தேசியப் பூங்கா. நியூஜெர்சி, பிலடெல்பியா, வாஷிங்டன் பக்கம் இருக்கும் நம்மவர்கள் ஹெர்ஷி சாக்லேட் பூங்காவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்விடுவார்கள். அங்கிருந்து கெட்டிஸ்பர்க் ஒரு மணி நேரம்தான்.

முதல் தடவை போனபோது செய்யக்கூடாததையெல்லாம் செய்தோம். காலையில் கிளம்பி மதியம் போய்ச் சேர்ந்து, வரைபடத்தை வாங்கிக்கொண்டு, 24 மைல் கார்ச் சுற்றில் இருக்கும் 16 நிறுத்தங்களையும் மூன்று மணி நேரத்தில் முடித்தோம். புல்வெளி, பீரங்கி, சிலை, மறுபடியும் புல்வெளி. ஏழாவது நிறுத்தத்தில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். ஊரில் பெரிய கோயிலுக்குப் போய் சுற்றுப் பிரகாரத்தை மட்டும் ஓடி முடித்துவிட்டுத் திரும்புவது போல. அடுத்த தடவை ஆறே இடம், இரண்டு நாள், நிறைய நடை என்று போனோம். கீழே இருப்பது அந்த இரண்டாவது பயணத்தின் வழி.

படி 1: நாள் குறிப்பது

போர் நடந்தது 1863 ஜூலை 1, 2, 3. ஒவ்வொரு ஆண்டும் அந்த மூன்று நாளில் ரேஞ்சர்கள், அதாவது பூங்கா ஊழியர்கள், நடத்தும் நிகழ்ச்சிகள் மிக அதிகம். கூட்டமும் அதிகம், வெயிலும் அதிகம், ஓட்டல் வாடகையும் அதிகம். வரலாற்றில் பித்துப் பிடித்த வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அப்போது போகலாம். பத்து வயதுக்குள் என்றால் ஜூன் பிற்பாதி அல்லது ஆகஸ்டில் ஒரு வார நாள் போதும். அப்போதும் கோடைகால நிகழ்ச்சிகள் நடக்கும். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபரில் நடப்பதற்குச் சுகமாக இருக்கும். ஆனால் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான். எந்த நாளில் என்ன என்பதைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டு அறை எடுங்கள். ஒரு இரவு தங்குவது அவசியம்.

ஒன்றை முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் சிப்பாய் வேஷம் போட்டு மோதி, சுட்டு, செத்து விழுகிற சண்டைக் காட்சி பூங்காவுக்குள் கிடையாது. தேசியப் பூங்கா நிலத்தில் அதற்கு அனுமதி இல்லை. மனிதர் நிஜமாகச் செத்த மண்ணில் செத்து விழுவது போல நடிக்கக் கூடாது என்ற எண்ணம், எனக்குச் சரியென்றே படுகிறது. அதற்குப் பதிலாகச் சில வார இறுதிகளில் அக்காலச் சிப்பாய் உடையில் தன்னார்வலர்கள் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். துப்பாக்கியை எப்படிக் கெட்டிப்பார்கள், பீரங்கியை எத்தனை பேர் சேர்ந்து இயக்குவார்கள் என்று செய்து காட்டுவார்கள். சத்தத்துக்குப் பயப்படுகிற குழந்தை இருந்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

படி 2: கிளம்புவதற்கு முன் கதை சொல்வது

இந்தப் படியைத் தவறவிட்டால் மற்றவை எல்லாம் வீண். கதை தெரியாதவருக்கு அங்கே இருப்பது வெறும் புல். காரில் போகும்போதே சொல்லிவிடலாம், பத்து நிமிடம் போதும்.

அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளத் தெற்கு மாநிலங்கள் நாட்டை விட்டுப் பிரிந்தன. வடக்கு விடவில்லை. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1863 கோடையில் தெற்கின் தளபதி ராபர்ட் லீ எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட படையோடு வடக்குக்குள்ளேயே நுழைந்துவிட்டார். எதிர்த்து வந்த வடக்குப் படை தொண்ணூறாயிரத்துக்கும் மேல். அதன் தளபதி ஜார்ஜ் மீட் பதவியேற்று மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சுமார் 2,400 பேர் வாழ்ந்த ஊரில், பல சாலைகள் சந்திக்கும் இடம் என்பதால், இரண்டு படையும் முட்டிக்கொண்டன. முதல் நாள் தெற்கின் கை ஓங்கியது. வடக்குப் படை ஊர் வழியாகப் பின்வாங்கி, ஊருக்குத் தெற்கே உள்ள குன்றுகளில் ஏறிக்கொண்டது. இரண்டாம் நாள் அந்தக் குன்றுகளின் ஓரங்களைப் பிடிக்கத் தெற்கு முயன்றது, முடியவில்லை. மூன்றாம் நாள் நடுவில் மோதியது, சிதைந்தது. கொல்லப்பட்டவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் என்று இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 51,000 பேர்.

இவ்வளவு போதும், தளபதிகளின் பட்டியல் வேண்டாம். அதைவிட, வீட்டில் ஆளுக்கொருவரைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவருக்கு, பேராசிரியர் வேலையிலிருந்து போருக்கு வந்த ஜோஷுவா சேம்பர்லின். ஒருவருக்கு, மாவு பிசைந்துகொண்டிருந்தபோது குண்டு பட்டுச் செத்த 20 வயது ஜென்னி வேட். ஒருவருக்கு, போர்க்களத்தில் நிலம் வைத்திருந்த கறுப்பின விவசாயி ஏப்ரகாம் பிரையன். கடைக்குட்டிக்கு சாலி என்ற நாய். அவரவர் ஆள் எங்கே வருகிறார் என்று தேடிக்கொண்டே வருவார்கள்.

படி 3: பார்வையாளர் மையத்தில் அரை நாள்

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 2008இல் திறந்த அருங்காட்சியக, பார்வையாளர் மையத்தில் படம், வட்ட ஓவியம், அருங்காட்சியகம் மூன்றுக்கும் டிக்கெட் உண்டு. படத்துக்கும் ஓவியத்துக்கும் நேரம் குறித்துத்தான் அனுப்புவார்கள் என்பதால் முன்பதிவு செய்துவிடுவது நல்லது.

படத்துக்குப் பின்னணிக் குரல் மார்கன் ஃப்ரீமன். அது முடிந்ததும் மேலே ஏறினால் அந்த வட்ட ஓவியம். சைக்ளோராமா என்பார்கள். 377 அடி நீளம், 42 அடி உயரத் துணியில் மூன்றாம் நாள் தாக்குதலை பிரெஞ்சுக்காரர் பால் ஃபிலிப்போட்டோவும் உதவியாளர்களும் 1880களில் தீட்டியது. நீங்கள் நடுவில் நிற்பீர்கள், போர் உங்களைச் சுற்றி நடக்கும். ஓவியத்துக்கு முன்னால் நிஜ மண், வேலி, உடைந்த வண்டிச் சக்கரம் எல்லாம் பரப்பி வைத்திருப்பதால், பொருள் எங்கே முடிந்து ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. மரத்தில் சாய்ந்து கத்தியை உருவிக்கொண்டு நிற்கும் அதிகாரி ஓவியரே என்பார்கள், அவரையும் தேடச் சொல்லுங்கள். வைக்கோல் போர்களையும் பாருங்கள். அவை பென்சில்வேனியா வழக்கத்தில் அடுக்கியவை இல்லை, ஐரோப்பிய வழக்கத்தில் போட்டவை. ஓவியரின் ஊர்ப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை.

அருங்காட்சியகத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் தாண்டினால் கால் வலிக்க ஆரம்பித்துவிடும்.

இங்கே செய்ய வேண்டிய முக்கியமான வேலை தகவல் மேசையில் இருக்கிறது. ஜூனியர் ரேஞ்சர் கையேட்டைக் கேட்டு வாங்குங்கள், இலவசம். வயதுக்குத் தக்க வேலைகள் இருக்கும். செய்து முடித்து ரேஞ்சரிடம் காட்டினால், வலது கையைத் தூக்கி உறுதிமொழி சொல்ல வைத்து பேட்ஜ் தருவார். என் மகள் பரீட்சைக்குக்கூட அவ்வளவு சிரத்தையாகப் படித்ததில்லை. மேசை மூடும் நேரத்தை அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ஓடி வந்து மூடிய கதவைப் பார்த்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அதில் ஒன்று என் வீட்டுப் பிள்ளை.

அதே மேசையில் அன்றைய ரேஞ்சர் நிகழ்ச்சிகளின் பட்டியலும் கிடைக்கும். களத்தில் நின்று ரேஞ்சர் பேசும் நடைகளும் உரைகளும் இலவசம். ஒரு நாளைக்கு ஒன்று போதும். தலைப்பைவிட இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், நீங்கள் எப்படியும் போகப்போகும் இடத்தில் நடப்பதாக இருக்கட்டும். பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்துங்கள். கேள்வி கேட்கும் குழந்தையை ரேஞ்சர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

படி 4: கைடு வைப்பதா, நாமே சுற்றுவதா

உரிமம் பெற்ற போர்க்கள வழிகாட்டிகள் இங்கே 1915இலிருந்து இருக்கிறார்கள். கடுமையான தேர்வு எழுதித்தான் உரிமம் வாங்க முடியும். கட்டணம் ஆளுக்கல்ல, வண்டிக்கு. அவர் உங்கள் காரிலேயே ஏறி, சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிடுவார், இரண்டு மணி நேரம் சுற்றிக் காட்டுவார். முன்பின் தெரியாதவரிடம் வண்டியைக் கொடுப்பதா என்று எங்கள் அப்பாவுக்குச் சங்கடம். கடைசியில் அவர்தான் முன்சீட்டில் உட்கார்ந்து அதிகம் பேசியது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால், மூட்டு வலிக்காரர்கள் இருந்தால், இந்தச் செலவு தகும். இல்லையென்றால் படி 5 முதல் சொல்கிறபடி நீங்களே சுற்றலாம். எப்படியானாலும் போர் நடந்த வரிசையிலேயே போங்கள், வரிசை மாறினால் கதை குழம்பிவிடும்.

படி 5: முதல் நாள் களம்

மதியத்துக்கு மேல் ஊருக்கு மேற்கே மெக்ஃபர்சன் மேட்டுக்குப் போங்கள். வடக்கின் ஜான் பியூஃபர்டுடைய குதிரைப்படை இறங்கி நின்று, காலாட்படை வரும்வரை தாக்குப்பிடித்த இடம். வடக்கின் ஜெனரல் ஜான் ரெனால்ட்ஸ் அன்று காலை பக்கத்துக் காட்டில் சுடப்பட்டுச் செத்தார். அவர் குதிரைச் சிலையில் இரண்டு கால் தூக்கியிருக்கும். குதிரை இரண்டு கால் தூக்கினால் வீரர் செத்தார், ஒரு கால் என்றால் காயம்பட்டார் என்று யாராவது வந்து சொல்வார்கள். கட்டுக்கதை. 1998இல் வைத்த, தெற்கின் ஜெனரல் லாங்ஸ்ட்ரீட் சிலையின் குதிரை ஒரு காலைத் தூக்கியிருக்கிறது, அவருக்கு இங்கே கீறல்கூட இல்லை.

அப்புறம் ஓக் மேடு. 11ஆம் பென்சில்வேனியா படைப்பிரிவின் நினைவுச்சின்னத்தைச் சாலையிலிருந்து பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். கீழே ஒரு சின்ன வெண்கல நாய் படுத்திருக்கும். அதுதான் சாலி, அந்தப் பிரிவு வளர்த்த நாய். முதல் நாள் பின்வாங்கியபோது அது போகவில்லை. செத்தவர்கள், காயம்பட்டவர்கள் பக்கத்திலேயே கிடந்தது, போர் முடிந்து வந்து கண்டெடுத்தார்கள். 1865இல் வேறொரு சண்டையில் குண்டு பட்டுச் செத்தது. இன்றைக்கும் யாராவது அதன் முன்னால் பிஸ்கட் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அருகே உள்ள குன்றில் அமைதி நினைவுச்சின்னத்தின் அணையாத சுடர். போரின் 75ஆம் ஆண்டில், 1938இல், இரு தரப்பிலும் உயிரோடிருந்த கிழவர்கள் கூடியபோது அதிபர் ரூஸ்வெல்ட் திறந்து வைத்தது. சாயங்காலம் அங்கே உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு அறைக்குத் திரும்பலாம்.

படி 6: இரண்டாம் நாள் களம், காலையிலேயே

லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் கார் நிறுத்த இடம் குறைவு. காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். சீரமைப்புக்காக இரண்டு வருஷம் மூடியிருந்து 2024 ஜூனில் திறந்தார்கள், பாதைகள் நன்றாக இருக்கின்றன. உச்சியில் நின்றால் கீழே சமவெளி முழுவதும் தெரியும். இந்தக் குன்றில் ஆளே இல்லை என்று வடக்குப் படையின் பொறியாளர் வாரன் கடைசி நேரத்தில் கவனித்து ஆள் அனுப்பினார். இடது ஓரத்தில் நின்றது சேம்பர்லினின் 20ஆம் மெய்ன் பிரிவு. தோட்டா தீர்ந்துபோனதும் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கிப் பாய்ந்தார்கள். அந்தப் பிரிவின் சின்னம் மரங்களுக்குள் ஒதுங்கி இருக்கும், நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

கீழே டெவில்ஸ் டென், வீடு உயரப் பாறைகள். பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியாது, விடவும் வேண்டியதில்லை, பாறைகளில் ஏறலாம். நினைவுச்சின்னத்திலும் பீரங்கியிலும்தான் ஏறக் கூடாது. பெரிய பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பாடம் இருக்கிறது. பாறைகளுக்கு நடுவே தெற்குச் சிப்பாய் ஒருவன் செத்துக் கிடக்கும் புகழ்பெற்ற புகைப்படம் எடுத்தது இங்கேதான். அலெக்சாண்டர் கார்ட்னரின் குழு, வேறு இடத்தில் கிடந்த உடலைத் தூக்கி வந்து கிடத்தி, துப்பாக்கியைச் சாய்த்து வைத்து எடுத்த படம் அது. போட்டோஷாப் இல்லாத காலத்துப் பொய்.

களைப்பாக இருக்கும்போது கைகொடுக்கும் சில வேட்டைகள்:

பீரங்கியின் வாயில் எட்டிப் பாருங்கள். உள்ளே பள்ளக் கோடுகள் இருந்தால் குண்டைச் சுழற்றி அனுப்பும் வகை, வழவழப்பாக இருந்தால் பழைய வகை. பச்சை பூத்தது வெண்கலம், கறுப்பு இரும்பு. பலவற்றில் வாய் விளிம்பில் செய்த ஆண்டும் எடையும் பொறித்திருக்கும்.

வடக்குப் படையின் ஒவ்வொரு பெரும்பிரிவுக்கும் ஒரு குறி உண்டு: வட்டம், மூவிலை, வைரம், இரண்டு வகைச் சிலுவை, பிறை, நட்சத்திரம். ஏழையும் யார் முதலில் சின்னங்களில் கண்டுபிடிக்கிறார்கள் என்று பந்தயம் வையுங்கள்.

நினைவுச்சின்னத்துக்கு இரு பக்கமும் புல்லுக்குள் சின்னக் கற்கள் இருக்கும், எல்.எஃப்., ஆர்.எஃப். என்று எழுதியிருக்கும். அந்தப் படைப்பிரிவின் இடது ஓரம், வலது ஓரம். ஒரு கல்லிலிருந்து மறு கல்லுக்குப் பிள்ளைகளை நடந்து அளக்கச் சொல்லுங்கள். சில நூறு பேர் தோளோடு தோள் நின்ற அகலம் காலுக்குத் தெரிந்துவிடும்.

படி 7: அந்த ஒரு மைல்

இரண்டு நாளில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஜூலை 3 மதியம் தெற்கின் சுமார் 150 பீரங்கிகள் முழங்கி ஓய்ந்த பின், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்து, திறந்த வெளியில் ஏறக்குறைய ஒரு மைல் நடந்தார்கள். எதிர் மேட்டில் பீரங்கிகளும் கல்சுவருக்குப் பின்னால் துப்பாக்கிகளும் காத்திருந்தன. பிக்கெட்டின் தாக்குதல் என்று பெயர். போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் செத்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள்.

வர்ஜீனியா நினைவுச்சின்னத்தில் தொடங்குங்கள். குதிரை மேல் லீ, 1917இல் வைத்தது. அடிமை முறைக்காகச் சண்டை போட்டவருக்கு எதற்குச் சிலை என்று பிள்ளை கேட்கும், கேட்க வேண்டும். அமெரிக்காவே இன்னும் முடிக்காத வாக்குவாதம் அது என்று சொல்லுங்கள். ஒருவர் காரை எதிர் மேட்டுக்குக் கொண்டு போகட்டும், மற்றவர்கள் புல்லுக்கு நடுவே வெட்டிய பாதையில் நடக்கட்டும். தூரத்தில் தெரியும் சின்ன மரத் தோப்புதான் குறி.

மரத்தடியிலிருந்து பார்த்தால் நிலம் தட்டையாகத் தெரியும். நடந்தால்தான் அது ஏறி இறங்குவது புரியும். ஒரு பள்ளத்தில் எதிர் மேடு மறைந்துபோகிறது, கொஞ்சம் நிம்மதிகூட வருகிறது. மேலே ஏறியதும் திடீரென்று எல்லாம் பக்கத்தில் நிற்கிறது. நடுவில் எமிட்ஸ்பர்க் சாலை, இன்று கார்கள் வேகமாக வரும் சாலை, சின்னவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்று அதன் ஓர வேலிகளில் ஏறும்போதுதான் பலர் சுடப்பட்டார்கள். எங்களுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பாதி வழிவரை தொணதொணத்து வந்த மகன் சாலையைத் தாண்டியதும் பேசவில்லை. கல்சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்து, "ஏன்ப்பா ஓடி வரல, நடந்து வந்தாங்க?" என்றான். ஒரு மைல் ஓடி வந்தால் சுவரை எட்டும்போது சண்டை போட மூச்சு இருக்காது, வரிசையும் கலைந்துவிடும். அவன் கேட்டிராவிட்டால் நானும் யோசித்திருக்க மாட்டேன்.

சுவருக்குப் பக்கத்தில் சின்ன வெள்ளை வீடு ஏப்ரகாம் பிரையனுடையது. தெற்குப் படை சுதந்திரமான கறுப்பினத்தவரையும் பிடித்து அடிமையாக இழுத்துச் சென்றதால், போருக்கு முன்பே குடும்பத்தோடு ஊரை விட்டு ஓடியவர். திரும்பி வந்தபோது பயிரும் வேலியும் போயிருந்தன. ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டவருக்குக் கிடைத்தது 15 டாலர்.

தெம்பு மிச்சமிருந்தால் பென்சில்வேனியா நினைவுச்சின்னத்தின் படிகளில் ஏறி மேல்தளத்திலிருந்து களம் முழுவதையும் பாருங்கள். படி குறுகல், தாத்தா பாட்டி கீழே நிழலில் இருக்கட்டும்.

படி 8: சாப்பாடு, உண்ணி, ஊர்

களத்துக்குள் கடை கிடையாது. எலுமிச்சை சாதம், தயிர் சாதம் கட்டிக்கொண்டு போய், பிக்னிக் இடங்களில் சாப்பிட்டோம். தண்ணீர் ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில். பென்சில்வேனியா புல்லில் உண்ணி அதிகம், லைம் நோயைப் பரப்பும். நீளக் காலுறை போட்டு அதற்குள் பேண்டைச் செருகுங்கள், ராத்திரி குளிக்கும்போது பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காது மடல் பின்புறம் பாருங்கள். மண்ணில் தோட்டா கிடந்தாலும் எடுக்கக் கூடாது. உலோகம் கண்டுபிடிக்கும் கருவி கொண்டுவருவதே குற்றம்.

மதிய வெயிலுக்கு ஊருக்குள் ஒதுங்கலாம். பால்டிமோர் தெருவில் 2022இல் திறந்த குழந்தைகள் அருங்காட்சியகம் இருக்கிறது. போரின்போது ஊரில் இருந்த சிறுவர்களின் கதையைத் தொட்டுப் பார்த்து, உடுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பத்து வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பெரிய அருங்காட்சியகத்தைவிட இதுதான் பிடிக்கும். அதே தெருவில் ஜென்னி வேட் செத்த அவள் அக்கா வீடும் காட்சிக்கு உண்டு. குண்டு இரண்டு கதவைத் துளைத்து வந்து பட்டது. போரில் நேரடியாகக் கொல்லப்பட்ட ஊர்க்காரர் அவர் ஒருவர்தான். லிங்கன் முந்தின இரவு தங்கி உரையைத் திருத்தி முடித்த டேவிட் வில்ஸ் வீடு ஊர் நடுச் சதுக்கத்தில் இருக்கிறது.

பக்கத்திலேயே அதிபர் ஐசனோவரின் பண்ணை வீடு, அதுவும் தேசியப் பூங்காதான். 1956 டிசம்பரில் நேருவை அழைத்து வந்து காட்டிய பண்ணை. எங்கள் அப்பாவுக்கு இரண்டு நாளில் மிகவும் பிடித்தது இதுதான்.

படி 9: கல்லறைத் தோட்டம், கடைசியாக

இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஓட்டம், சத்தம், தின்பண்டம் வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். 3,500க்கும் மேற்பட்ட வடக்குச் சிப்பாய்கள் மாநில வாரியாக அரைவட்டத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 900க்கும் மேற்பட்டவர்களின் பெயரே தெரியாது, சதுரக் கல்லில் எண் மட்டும். களமெங்கும் அவசரத்தில் புதைத்திருந்த உடல்களைத் தோண்டியெடுத்து இங்கே கொண்டுவந்த கூலிகளுக்குத் தலைவர் பேஸில் பிக்ஸ் என்ற கறுப்பினத்தவர். ஆனால் உள்நாட்டுப் போரில் பங்கேற்ற உள்ளூர்க் கறுப்பின வீரர்களில் பெரும்பாலோரைப் பிற்காலத்தில் இங்கே புதைக்க விடவில்லை. அவர்கள் ஊருக்குள் லிங்கன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். இரண்டையும் பாருங்கள்.

லிங்கன் பேசியபோது அந்த மறுபுதைப்பு வேலை பாதியில்தான் இருந்தது. அவருக்கு முன்னால் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார், லிங்கன் இரண்டு நிமிடம், சுமார் 270 சொற்கள். அவர் நின்ற இடம் எது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை, வேலிக்கு அந்தப் பக்கம் எவர்கிரீன் கல்லறைத் தோட்டமாகவும் இருக்கலாம். பரவாயில்லை, ஒரு மரத்தடியில் நின்று பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மகள் ஆங்கிலத்தில் வாசித்தாள். கடைசி வரி வந்ததும் பின்னாலிருந்து அப்பா தமிழில் சேர்ந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் படித்தது அவருக்கு இன்னும் நினைவிருந்தது.

குளிர் தாங்குபவர்கள் நவம்பரில் ஒருமுறை போகலாம். 19ஆம் தேதி ஆண்டு விழா நடக்கும். அதையொட்டிய ஒரு சனிக்கிழமை மாலையில் ஒவ்வொரு உள்நாட்டுப் போர்க் கல்லறைக்கும் ஒரு விளக்கு ஏற்றி வைப்பார்கள். கையுறை எடுத்துச் செல்லுங்கள், வாசலில் வரிசை நீளமாக இருக்கும்.